நாற்காலியிலிருந்து எழுவோருக்கு: உணவையும் உடற்பயிற்சியையும் பழக்கமாக்கும் 12 வார வழிகாட்டி

தனிநபர் உடற்பயிற்சியாளராக வேலை தொடங்கிய முதல் ஆண்டில், என்னிடம் வந்த எல்லோருக்கும் ஒரே உணவுப் பட்டியலைத்தான் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஓட்ஸ், மதியம் கோதுமை ரொட்டியும் வேகவைத்த புரோக்கோலியும், இரவில் சூப் என்று பார்ப்பதற்கு அழகாக இருந்த பட்டியல் அது. வங்கியில் வேலை பார்க்கும் 46 வயதுப் பெண்மணி ஒருவர் அதைப் பதினொரு நாள் கடைப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, “வீட்டில் நாலு பேருக்குச் சாம்பார் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் தனியாக உலை வைக்க முடியவில்லை, மாஸ்டர்” என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் பட்டியல் கொடுத்ததில்லை. அவரவர் வீட்டு அடுப்பில் ஏற்கெனவே என்ன வேகிறதோ, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கீழே உள்ளது, 35 முதல் 55 வயதுக்குள் இருந்து, நாளில் பெரும்பகுதி உட்கார்ந்தே வேலை செய்து, பல ஆண்டுகளாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத ஒருவரை நான் எப்படி 12 வாரம் கொண்டுசெல்வேன் என்பதன் வரிசை. ஜிம் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், தையல்காரரிடம் இருப்பது போன்ற ஓர் அளவு நாடா, உறுதியான ஒரு நாற்காலி, முடிந்தால் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

முதல் படி: தொடங்கும் முன் அளந்துகொள்வது

உடற்பயிற்சி தொடங்கும் ஆர்வத்தில் பெரும்பாலானோர் தாண்டிக் குதித்துவிடும் படி இது. நெஞ்சுவலி, காரணமில்லாத தலைச்சுற்றல், சில படிகள் ஏறினாலே மூச்சுவாங்குதல், மூட்டு அல்லது முதுகில் பழைய காயம், இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், மருத்துவரைப் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். எதுவும் இல்லையென்று நினைப்பவர்களும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரண்டுமே தொந்தரவு தராமல் பல ஆண்டுகள் உடலில் இருக்கக்கூடியவை. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பெரியவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அந்த விகிதம் 14.4 சதவீதம். இந்தச் சோதனைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

அடுத்து இடுப்பளவு. எடையைவிட நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். கீழ் விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். வேட்டியோ சேலையோ கட்டும் இடம் பெரும்பாலும் இதற்குக் கீழே இருக்கும் என்பதால், பேன்ட் அளவை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கொள்கிறார்கள். ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம்மிடம் அதிகம் என்பதே இந்தக் கெடுபிடிக்குக் காரணம்.

கடைசியாக இரண்டு சிறு சோதனைகள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். சமதளமான சாலையில் ஒரு கி.மீ. நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டையும் தேதியிட்டு நோட்டில் எழுதிவையுங்கள். 12-ஆம் வாரத்தில் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருவோம்.

இரண்டாம் படி: மூன்று நாள் உணவுக் குறிப்பு

எதையும் மாற்றாமல், இரண்டு வேலைநாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையுமாக மூன்று நாட்களுக்கு, வாயில் போவதையெல்லாம் எழுத வேண்டும். முதல்முறை எழுதுபவர்கள் எல்லோரும் ‘சாதம் – கொஞ்சம்’ என்றே எழுதுவார்கள். அந்தக் கொஞ்சத்தைத் தராசில் வைக்கச் சொன்னபோது, ஒருவருடைய மதியச் சாதம் 450 கிராம் வந்தது. வேகவைத்த சாதம் 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி என்பதால், சாம்பார் ஊற்றுவதற்கு முன்பே கிட்டத்தட்ட 585 கலோரி. அதே தட்டில் இருந்த பீன்ஸ் பொரியல் 40 கிராம், அதாவது ஊறுகாயைவிடக் கொஞ்சம் அதிகம். அவரைப் பொறுத்தவரை அது ‘காய்கறியோடு சாப்பாடு’தான். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கண் அப்படிப் பழகியிருந்தது.

தராசு இல்லாதவர்கள் கரண்டியால் எண்ணலாம். எத்தனை கரண்டி சாதம், எத்தனை கரண்டி காய் என்று எழுதினாலே விகிதம் தெரிந்துவிடும். தேநீரைத் தவறாமல் எழுதுங்கள், ஏனென்றால் அலுவலகத் தேநீரை யாரும் உணவாக நினைப்பதில்லை. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு நிறை தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், ஒரு தேக்கரண்டி 5 கிராம் கணக்கில் 40 கிராம் ஆகிறது. 2,000 கலோரி உண்பவர் சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலிருந்து வரும் கணக்கு. பிஸ்கட்டையும் பண்டிகை இனிப்பையும் இன்னும் நாம் எண்ணவே இல்லை.

மூன்றாம் படி: அதே சமையலறை, வேறு விகிதம்

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்ற வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்பது என் வரிசை. தேநீரில் தொடங்குவது எளிது: முதல் வாரம் இரண்டு தேக்கரண்டியை ஒன்றரையாகவும், அடுத்த வாரம் ஒன்றாகவும் குறைத்தால் நாக்கு பெரிதாகச் சண்டைபோடாது. ஒரேயடியாக நிறுத்தியவர்கள் மூன்றாம் நாள் மாலை பேக்கரியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறிவிட்டதால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். உடலுக்கு அவையும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

இரண்டாவது வாரம் தட்டின் விகிதம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி நாளுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம் என்று சமைக்கும் முன் உள்ள அளவில் சொல்கிறது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தட்டில் முதலில் காயை வையுங்கள், பாதித் தட்டு நிரம்பட்டும். பிறகு பருப்போ மீனோ முட்டையோ வையுங்கள். மீதி இடத்தில்தான் சாதம். நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. சாதத்தை மலையாகக் குவித்துக் குழி தோண்டிச் சாம்பார் ஊற்றிய பிறகு, காய்க்கு மிஞ்சுவது தட்டின் ஓரம்தான். வைக்கும் வரிசையை மட்டும் மாற்றியே பலருக்குச் சாதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

மூன்றாவது புரதம். நம் சைவச் சாப்பாட்டில் வழக்கமாகக் குறைவது இதுதான். சராசரி பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியப் பரிந்துரை. வலுப்பயிற்சி செய்பவருக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லாத பட்சத்தில், நான் 1 முதல் 1.2 கிராம்வரை சொல்வேன். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 70 முதல் 84 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பில் 6 அல்லது 7, வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 9, பன்னீர் 100 கிராமில் 18, மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில் கிடைக்கும். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம்தான். அதனால் ஐந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியுமாக இருக்கும் காலை உணவை, மூன்று இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு நிறைந்த சாம்பார், இரண்டு அவித்த முட்டை என்று மாற்றினால், கிட்டத்தட்ட 23 கிராம் புரதம் காலையிலேயே சேர்ந்துவிடும். மதியம்வரை பசியும் அடங்கும். முட்டை சாப்பிடாதவர்கள் மாலை வடைக்குப் பதில் சுண்டலையும், இரவில் பருப்புக் கூட்டையும், மதியம் கெட்டித் தயிரையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேலும் குறைந்தால்தான் புரதப் பொடியைப் பற்றிப் பேசலாம்.

எண்ணெய்க்கு ஒரு தந்திரம் உண்டு. புதிய பாக்கெட்டை வெட்டும் நாளில் அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். நாளுக்கு 27 கிராம் என்ற கணக்கில், நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் பாக்கெட் எட்டு நாளாவது வர வேண்டும். நெய்யும் இதில் அடங்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வர வேண்டும். ஐந்தாம் நாளே காலியானால், எங்கே போகிறது என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கலாம். சமைப்பவரைக் குற்றம் சொல்லும் பேச்சாக இது மாறிவிடக் கூடாது. உப்புக்கும் இதே முறை: ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்றால், நால்வருக்கு ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்குக்கு வெளியே உப்பைக் கொண்டுவருபவை.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், கம்பிலும் தினையிலும் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து அதிகம் என்பதெல்லாம் சரி. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் இவற்றின் கலோரி அரிசியை ஒட்டியேதான் இருக்கிறது. தினை என்பதால் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது.

நான்காம் படி: நடை

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுப்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. நான் முதல் வாரத்தில் கேட்பது நாளுக்கு 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், அவ்வளவுதான். இவ்வளவு குறைவா என்று முகம் சுளிப்பவர்கள்தான் முதல் நாள் ஒரு மணி நேரம் நடந்து, மறுவாரம் காணாமல் போகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் வாரத்தில் 30 நிமிடம் வந்துவிடும். மிதமான வேகம் என்றால் என்ன என்பதற்குக் கருவி தேவையில்லை: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

பத்தாயிரம் அடி கணக்கு பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ வரம்பாகப் பிறந்த எண் அல்ல. இன்று 3,000 அடி நடப்பவர் 5,000-க்குப் போனாலே நல்ல முன்னேற்றம்.

எப்போது நடப்பது என்றால், பழக்கமாகும் நேரமே நல்ல நேரம். ஆனால் சர்க்கரை அளவு கூடுதலாக உள்ளவர்களுக்கு, இரவு உணவுக்குப் பின் 10 முதல் 15 நிமிட நடையை நான் தனியாகவே வலியுறுத்துவேன். வேலை செய்யும் தசை, இரத்தத்தில் அப்போது ஏறிக்கொண்டிருக்கும் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. மே மாதத்தில் காலை ஏழுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இப்போதே மாற்று யோசித்துவைக்க வேண்டும். மாடிப்படியோ வீட்டுக் கூடமோ எதுவானாலும் சரி. நடைப் பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்யும் வாரத்தில்தான்.

ஐந்தாம் படி: வலுப்பயிற்சி

மூன்றாம் வாரத்தில் இதைச் சேர்க்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு ஒருமுறை சில சதவீதம் கரைந்துகொண்டே போகிறது. நடை மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது. ‘எடை தூக்கினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும்’ என்று பெண்கள் தயங்குவதுண்டு. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரப் பயிற்சியில் யாருக்கும் அப்படி ஆவதில்லை. மாடிக்குத் தண்ணீர்க் கேனைத் தூக்கிச் செல்வது எளிதாகிறது, அவ்வளவே.

நமக்குப் புதிதான விஷயமும் அல்ல இது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் எடுத்த ஊர் நம்முடையது. பல ஊர்களில் கோயில் முன்போ மந்தையிலோ இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. ஆனால் அந்தக் கல்லை யாரும் முதல் நாளே தூக்கவில்லை, சின்னக் கல்லில் பழகித்தான் அதற்கு வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்பதே வலுப்பயிற்சியின் முழு இரகசியம்.

ஐந்து அசைவுகள் போதும். முதலாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இதைச் சரியாகப் பழகிவிட்டால் மற்றவை எளிது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதற்கு முன்னால் நின்று, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்நுனியைச் சற்று வெளிப்புறம் திருப்புங்கள். முதலில் முழங்காலை மடக்காமல், பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னே கொண்டுசெல்லுங்கள். பிறகு முழங்கால் தானாக மடங்கும். மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். நாற்காலியைத் தொட்டதும் தொப்பென்று விழாமல், குதிகாலை அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும். முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால், அன்றைய எண்ணிக்கை அதோடு போதும். நான்கு வாரத்தில் நாற்காலி இல்லாமலே செய்ய வரும். தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அசைவு உடலில் ஏற்கெனவே எழுதிவைத்தது.

இரண்டாவது சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஒரு கை தூரம் நின்று செய்யத் தொடங்கி, சில வாரங்களில் சமையல் மேடை, பிறகு கட்டில் ஓரம் என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே போய்த் தரைக்கு வரலாம். மூன்றாவது, புத்தகம் நிரப்பிய தோள்பையை, முன்னால் குனிந்த நிலையில் விலாவை நோக்கி இழுப்பது. நான்காவது, அதே பையை முதுகு வளையாமல், இடுப்பை மட்டும் மடித்துத் தரையிலிருந்து எடுத்து வைப்பது. முதுகுவலி உள்ளவர்கள் இதைத் தனியாகப் பழகாமல் தெரிந்தவர் முன்னிலையில் பழகவும். ஐந்தாவது, தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டை இரு கைகளிலும் பிடித்து நிமிர்ந்து நடப்பது.

ஒவ்வோர் அசைவும் பத்து முறை, இரண்டு சுற்று. பத்தாவது முடியும்போது இன்னும் இரண்டோ மூன்றோ செய்திருக்கலாம் என்ற நிலையில் நிறுத்துவதுதான் சரியான கனம். பத்து எளிதானால் பன்னிரண்டு, பன்னிரண்டும் எளிதானால் பையில் இன்னொரு புத்தகம். இரண்டு பயிற்சி நாட்களுக்கு நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும்.

வலியும் எச்சரிக்கையும்

முதல் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை இறுகி, படி இறங்கும்போது முனக வைக்கும். இது இயல்பு, மூன்று நாளில் போய்விடும். மெல்ல நடப்பது உதவும். மூட்டுக்குள் குத்தும் வலியோ வீக்கமோ இயல்பல்ல. நடுநெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடதுகைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். ‘கேஸ் பிராப்ளம்’ என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியின்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். பயிற்சிக்கு முன் பார்த்து, 100-க்குக் கீழே இருந்தால் சிறிது சாப்பிட்டுவிட்டே தொடங்குங்கள். சட்டைப்பையில் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். பயிற்சியாளர் சொல்லி மாற்றக் கூடாது.

ஆறாம் படி: எதைக் கணக்கு வைப்பது

முதல் நான்கு வாரம் எடை பார்க்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உப்பு அதிகமான ஒரு நாள் சாப்பாடோ மாதவிடாய்க்கு முந்தைய நாட்களோ ஒரு கிலோவை ஏற்றிக் காட்டிவிடும். அதைப் பார்த்து மனம் விட்டவர்கள் பலர். அதற்குப் பதிலாக, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, நேற்று நடந்தேனா, பாதித் தட்டு காய் இருந்ததா என்ற இரண்டுக்கு மட்டும் நோட்டில் குறியிடுங்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனதாக, 2010-இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்று கண்டது. ஆளைப் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை மூன்று இட்லிக்குத் திரும்பினால் போதும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். எடை குறைய வேண்டியவர்களுக்கு வாரத்துக்கு அரை கிலோ நல்ல வேகம். பல வாரங்களில் அதுவும் வராது. மூன்று வாரம் எடையும் இடுப்பளவும் இரண்டுமே அசையவில்லையென்றால், மீண்டும் மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதுங்கள். பெரும்பாலும் ‘கொஞ்சம்’ என்ற சொல் திரும்ப வந்திருக்கும்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது

பணம் கொடுத்து ஒருவரிடம் சேர்வதானால், முதல் நாள் அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். மருந்து, பழைய காயம், தூக்கம், வேலைநேரம் எதையும் கேட்காமல் நேராக எந்திரத்தில் ஏற்றுபவரிடம் நிற்க வேண்டாம். பதினைந்து நாளில் பத்துக் கிலோ என்று வாக்குக் கொடுப்பவர், தன்னிடமே பொடி வாங்கச் சொல்பவர், ஊசியைப் பற்றி மெல்லப் பேச்செடுப்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் விலகிவிடுங்கள். கடைசியில் சொன்னது பெரும்பாலும் ஸ்டீராய்டு. மருத்துவர் மேற்பார்வையில்லாமல் அதை எடுப்பவர்களுக்கு இதயத்திலும் கல்லீரலிலும் பாதிப்பு வரக்கூடும்.

பன்னிரண்டாம் வாரம்

நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அதே நாடா, அதே நாற்காலி, அதே சாலை என்று எல்லாவற்றையும் திரும்ப அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறுபடி பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு இது பொருத்தமான இடைவெளி. ஊருக்குப் போனதாலோ காய்ச்சலாலோ நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், கனத்தையும் நேரத்தையும் பாதியாகக் குறைத்து ஒரு வாரம் செய்துவிட்டுப் பழைய அளவுக்கு வாருங்கள். அந்த வங்கிப் பெண்மணி இப்போது ஐந்தாவது நோட்டில் இருக்கிறார். முதல் நோட்டில் 30 வினாடிக்கு 9 என்று எழுதியிருந்தவர், சென்ற மாதம் எழுதியது 19. சாம்பார் நாலு பேருக்கும் சேர்த்துத்தான் வைக்கிறார். காய் மட்டும் முன்பைவிட இரண்டு மடங்கு போடுகிறார்.